உண்மை உரைப்போர்க்கு உத்தியோகம் இல்லையா?

உத்தியோகம் கோரி விண்ணப்பம் எழுதும் வாலிபனிடம் பெயர், வயது, கல்வி முதலிய விவரங்களைக் கேட்ட பிறகு, தாளின் பிற்பகுதியில் ஒரு கேள்வி வருகிறது: உமக்கு உடற்குறை ஏதேனும் உண்டா? உடல் பழுதற்றவனுக்கு இது ஒரு கணத்து வேலை. இல்லை என்று எழுதிவிட்டு மேலே செல்வான். ஒரு விரலோ, ஒரு கண்ணின் பார்வையோ, ஒரு காலின் பலமோ குறைந்தவனுக்கு வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வரியில் வந்து நிற்கிறது. உண்மையை எழுதினால் கதவு அடைபடுமோ என்ற அச்சம் ஒருபுறம். பொய் எழுதினால் பின்னொரு நாள் வெளிப்பட்டுவிடுமே என்ற கலக்கம் மறுபுறம்.

இச்சங்கடம் எல்லாத் தொழில்களிலும் உள்ளதுதான். எனினும், நூற்றுக்கணக்கான பிரயாணிகளின் உயிரைத் தன் கையில் ஏந்திச் செல்லும் ஆகாய விமானியின் தொழிலில் அது உச்சத்தை அடைகிறது. அங்கே நியாயம் எது என்று தெளிந்துவிட்டால், மற்றத் தொழில்களில் அதனைத் தெளிவது எளிது. ஆகவே விமானியின் விண்ணப்பத்தை முன்வைத்து இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வோம்.

நம் ஜில்லாவுக்கு என்ன சம்பந்தம்?

கும்மிடிப்பூண்டி இரும்பாலைகளிலும், தேர்வாய்க் கண்டிகை டயர்த் தொழிற்சாலையிலும், திருவள்ளூர் காக்களூர்ப் பேட்டையிலும் வேலை செய்யும் ஜனங்களுக்கு விமானி உத்தியோகத்தைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம் இந்த ஜில்லாவிலேயே கிடக்கிறது. யுத்தம் ஓய்ந்தபின் பல ஆண்டுகள் அதன்மீது மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவர, அதனை அங்கிருந்து சென்னை வரை நெவில் வின்சென்ட் கொண்டுவந்து சேர்த்தார். அன்று முதல் தென்னாட்டு வாலிபர் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்து வந்திருக்கின்றனர்.

இன்று அந்த ஆசை எட்டாத கனவும் அன்று. 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவற்றை ஓட்ட ஆட்கள் வேண்டும். இரும்பாலைத் தொழிலாளியின் மகன் அந்த ஆசனத்தில் அமரக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மேலும், உடற்குறை என்பது பிறவியில் மட்டும் வருவதன்று. பிரஸ் இயந்திரத்திலும் உருட்டாலையிலும் கூட வருகிறது. தொழிற்பேட்டை நிறைந்த ஒரு ஜில்லாவில் விரலிழந்த கைகள் எத்தனை என்பதைத் தொழிலாளர் நன்கறிவர். அக்கைகள் மறுபடியும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பியாக வேண்டும். விமானிக்கும் அத்தொழிலாளிக்கும் முன்னே நிற்கும் கேள்வி ஒன்றே.

யாரிடம் சொல்வது?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்குவோம். உடற்குறையைத் தெரிவிப்பது என்பது ஒரு காரியமன்று, இரண்டு காரியங்கள். வைத்தியப் பரீக்ஷகரிடம் தெரிவிப்பது ஒன்று. வேலை கொடுக்கும் கம்பெனியிடம் தெரிவிப்பது மற்றொன்று. முன்னதில் சமரசத்துக்கு இடமேயில்லை. 1944ஆம் ஆண்டுச் சிகாகோ ஒப்பந்தத்தின் கீழ் ஏற்பட்ட சர்வதேச விதிகள், உரிமம் கோருபவர் தம் உடல் வரலாற்றைத் தாம் அறிந்தவரை முழுமையாகவும் சரியாகவும் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று விதிக்கின்றன. நம் நாட்டிலும் 1937ஆம் ஆண்டு விமான விதிகள், உண்மையை மறைத்தோ தவறான தகவல் தந்தோ பெற்ற உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரத்தை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு அளித்தன.

கம்பெனியிடம் தெரிவிக்கும் விஷயம் சற்று வேறு. வர்த்தக விமானி உரிமம் பெற முதல் வகுப்பு வைத்தியச் சான்று அவசியம். குறைபாடு காரணமாக ஏதேனும் வரம்பு விதிக்கப்பட்டிருந்தால், அது அச்சான்றிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்தச் சான்றைக் காட்டுவது விமானியின் கடமை. அதற்கு மேல், தொழிலோடு சம்பந்தமில்லாத பழைய நோய்க் கதைகளையெல்லாம் கேட்கப்படாமலே விவரிக்க வேண்டியதில்லை. ஆனால், நேராகக் கேட்கப்பட்ட கேள்விக்குப் பொய் பதில் எழுதக் கூடாது. செயற்கைக் காலோ, குறைந்த விரலோ, விமானத்தின் கருவிகளைக் கையாளும் முறையில் வேற்றுமை உண்டாக்குமானால், மாதிரி விமான அறையில் நடக்கும் பரீக்ஷைக்கு முன்னரே அதைச் சொல்லிவிடுவது நலம். வேண்டிய சிறு வசதியைக் கேட்டுப் பெறவும், 'என்னால் இப்படிச் செய்ய முடியும்' என்று செய்து காட்டவும் அதுவே தக்க தருணம். பிறகு சொன்னால் அது விளக்கமாகாது. சமாதானம் சொல்வதாகவே தோன்றும்.

மறைப்பதன் விளைவு

மறைப்பவன் தன்னை மட்டும் பணயம் வைப்பதில்லை. அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு விஷயத்தைப் பாருங்கள். முன்னாள் படைவீரர்களான விமானிகள் ஏறத்தாழ 4,800 பேர், உடல்நலக் குறைவுக்காகச் சர்க்காரின் ஒரு இலாகாவில் உதவித் தொகை பெற்றுக்கொண்டு, பறப்பதற்கு உரிமம் தரும் மற்றோர் இலாகாவில் அக்குறைவைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று விசாரணை நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் பறப்பதற்குத் தகுதியற்றவர் அல்லர் என்றே தெரிந்தது. சுமார் 60 பேரே அபாயம் விளைவிக்கக்கூடியவர் என்று நிறுத்தப்பட்டனர். அப்படியானால் எஞ்சியோர் மறைத்தது ஏன்? உதவித் தொகை இலாகாவில் உண்மை சொன்னால் பணம் வந்தது. உரிம இலாகாவில் உண்மை சொன்னால் பிழைப்பே போகும் என்று அஞ்சினார்கள். ஒரே மனிதன் ஒரு வாசலில் உண்மையும் மறு வாசலில் மௌனமுமாக நின்றதற்கு அவன் பேராசை மட்டும் காரணமன்று; அவ்விரு வாசல்களும் உண்மையை வரவேற்ற விதமும் காரணமாகும்.

உடற்குறையைச் சாராத வேறோர் உதாரணமும் இதையே காட்டுகிறது. 2015ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி ஜெர்மன்விங்ஸ் விமானத்தை அதன் துணை விமானியே ஆல்ப்ஸ் மலையில் மோதி, தன்னையும் சேர்த்து 150 பேரை மாய்த்தார். அவர் மனநோயால் வேலைக்குத் தகுதியற்றவர் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கம்பெனிக்குக் காட்டவில்லை. பிரெஞ்சு விசாரணைக் குழு 2016இல் தந்த அறிக்கை, குற்றத்தைக் கூறியதோடு நிற்கவில்லை. உரிமம் போனால் வருமானமும் போகும் என்ற பயம் விமானிகளை மௌனிகளாக்குகிறது என்பதை எடுத்துக்காட்டி, அந்த நஷ்டத்துக்கு ஈடு செய்யும் வழியையும், சக விமானிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏற்பாட்டையும் வலியுறுத்தியது. தண்டனையால் மட்டும் உண்மையை வரவழைக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

உறுப்பா, திறனா?

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். 'பிரயாணிகளின் உயிர் பெரிது. குறையுள்ளவனை ஆசனத்தில் அமர்த்தலாகாது' என்பர் சிலர். உயிர் பெரிதென்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால், உறுப்புக் குறைந்தால் திறனும் குறைந்தே தீரும் என்ற முடிவை ஒப்புவதற்கில்லை.

விலி போஸ்ட் என்ற அமெரிக்கர் 1926இல் எண்ணெய்க் கிணற்று வேலையில் ஏற்பட்ட விபத்தில் இடது கண்ணை இழந்தார். கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தைக் கொண்டு தம் முதல் விமானத்தை வாங்கினார். ஒற்றைக் கண்ணோடு பறந்து காட்டி உரிமம் பெற்றார். 1933ஆம் ஆண்டு ஜூலையில் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் விமானி அவரே. தொழிற்சாலை விபத்தில் கண்ணிழந்த ஒரு கூலித் தொழிலாளியின் கதை இது என்பதைக் கும்மிடிப்பூண்டி அன்பர்கள் கவனிப்பார்களாக.

இங்கிலாந்தின் டக்ளஸ் பேடர் 1931ஆம் ஆண்டு டிசம்பரில் விமான விபத்தில் இரு கால்களையும் இழந்தார். செயற்கைக் கால்களுடன் மறுபடி பறந்து காட்டினார். ஆயினும், இத்தகையவரைப் பற்றி விதிகளில் ஒன்றும் சொல்லப்படவில்லை என்று கூறி 1933இல் அவரை விமானப்படையிலிருந்து அனுப்பிவிட்டனர். 1939இல் யுத்தம் மூண்டது, விமானிகள் தேவைப்பட்டனர், அதே படை அவரைப் பரீக்ஷித்துச் சேர்த்துக் கொண்டது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அவருக்குப் புதிய கால்கள் முளைத்துவிடவில்லை. மாறியது படையின் மனம் ஒன்றே. தேவை வந்தபோது வளைந்த விதி, நீதி கேட்டபோது ஏன் வளையவில்லை?

இவ்விருவரின் கதையையும் விதிவிலக்கென்று தள்ளுவோர்க்கு, விதியையே காட்டுவோம். எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றைப் பற்றிய சர்வதேச விதி, இன்ன உறுப்பு இருக்க வேண்டும் என்று எண்ணிக் கேட்பதில்லை. பாதுகாப்பாக விமானம் ஓட்டுவதற்கு இடையூறாகும் குறை உண்டா என்றுதான் கேட்கிறது. அதற்கும் மேலாக, ஒருவர் ஏதேனும் ஓர் அளவுகோலை எட்டாவிட்டாலும், அவருடைய திறமை, பயிற்சி, அனுபவம் ஆகியவற்றைச் சீர்தூக்கி, வேண்டிய வரம்பை எழுதி உரிமம் தரலாம் என்றும் அவ்விதிகள் இடம் தருகின்றன. அமெரிக்காவில் மாறாத நிலையிலுள்ள உடற்குறை உடையவரை விமானத்தில் ஏற்றி, ஓட்டிக் காட்டச் சொல்லி, திறன் நிரூபிக்கப்பட்டது என்ற பத்திரமே வழங்குகின்றனர். இரு கைகளுமின்றிப் பிறந்த ஜெசிக்கா காக்ஸ் என்ற பெண்மணி, கால்களால் சிறு விமானத்தை ஓட்டி 2008இல் உரிமம் பெற்றார். அது கட்டணம் பெற்றுப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் உரிமம் அன்று. எனினும், திறனைக் கண்ணால் கண்ட பின்னரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற முறைக்கு அது சான்று.

பரீக்ஷை என்றால் கண்டிப்பான பரீக்ஷையையே நாம் சொல்லுகிறோம். 2002ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் டல்லஹாசி நகரில் ஒரு சரக்கு விமானம் இரவில் தாழ இறங்கி விபத்துக்குள்ளானது. அதன் துணை விமானிக்கு நிறம் பிரித்தறியும் சக்தி மிகக் குறைவு. அவர் அதை மறைக்கவில்லை. விலக்குப் பெற்றே பறந்தார். ஓடுதள விளக்குகளின் சிவப்பையும் வெள்ளையையும் கண்டறிய அவரால் இயலுமா என்பதை அவருக்குச் செய்த சோதனை காட்டவில்லை. எனவே, சலுகையாகத் தரும் விலக்கும் தவறு. ஆராயாமல் செய்யும் மறுப்பும் தவறு. செய்ய வேண்டிய வேலையையே சோதனையாக வைப்பது ஒன்றே நேர்வழி.

நமது சட்டம் சொல்வது

நம் நாட்டுச் சட்டமும் இத்திசையில் நடந்து வந்திருக்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. சர்க்கார் உத்தியோகங்களில் 4 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆனால், அந்த ஒதுக்கீடு 40 சதவீதமோ அதற்கு மேலோ குறையுள்ளவர்க்கே. இங்கேதான் தொழிலாளியின் சங்கடம் பிறக்கிறது.

முன்பிருந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஆட்காட்டி விரலை முழுதும் இழந்தவனுக்குச் சம்பாதிக்கும் சக்தி 14 சதவீதம் குறைந்ததாகக் கொள்ளப்பட்டது. கட்டைவிரலை இழந்தால் 30 சதவீதம். ஒரு கண்ணை இழந்தால் 40 சதவீதம். ஆனால், 2018இல் வெளியான உடற்குறை மதிப்பீட்டு முறைப்படி அதே ஒற்றைக் கண்ணர் 30 சதவீதக் குறையுள்ளவராகவே கொள்ளப்பட்டார். நஷ்டஈடு தருமிடத்தில் 40. ஒதுக்கீடு தருமிடத்தில் 30. ஒதுக்கீட்டுக்குப் போதாத குறை, தனியார் வாசலில் அவனை வெளியே நிறுத்தப் போதுமானதாகிவிடுகிறது. இத்தகையவனிடம் உண்மையை எழுது என்று உபதேசிப்பது எளிது. எழுதினால் அவனுக்கு என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

நீதிமன்றங்கள் இதைக் காணாமலில்லை. தமிழ்நாட்டில் 70 சதவீதப் பார்வைக் குறைவை ஒளிக்காமல் தெரிவித்து, சிவில் நீதிபதி பதவிக்கு ஒரு வழக்கறிஞர் விண்ணப்பித்தார். 40 முதல் 50 சதவீதம் வரை குறையுள்ளவர்க்கே அந்த இடம் என்று மறுக்கப்பட்டார். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அம்மறுப்பை ஆமோதித்தது. ஆனால், 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒரு தேர்வரின் வழக்கில், அதே சுப்ரீம் கோர்ட் அந்த முந்திய தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்வதற்கில்லை என்று கூறியது. தக்க வசதி பெறும் உரிமை 40 சதவீதம் என்ற கோட்டுக்கு உட்பட்டதன்று என்றும் விளக்கியது. 2024 அக்டோபரில் வைத்தியக் கல்லூரி மாணவர் ஒருவரின் வழக்கில், குறையின் சதவீதத்தை மட்டும் பார்த்து ஒருவரைத் தள்ளலாகாது, படிப்பைத் தொடர அவரால் இயலுமா என்பதை வைத்தியக் குழு ஆராய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 மார்ச் 3ஆம் தேதி, பார்வையற்றோர்க்கு நீதிபதி உத்தியோகத்தை அக்காரணத்தால் மறுக்கலாகாது என்றும் கூறிவிட்டது. 70 என்ற எண் அடைத்த கதவை ஆறே ஆண்டுகளில் திறன் என்ற கேள்வி திறந்துவிட்டது.

நீதிபதியின் ஆசனம் வேறு, விமானியின் ஆசனம் வேறு என்பதை நாம் அறிவோம். பார்வையற்றவர் விமானம் ஓட்டலாம் என்று வாதிப்பவர் எவருமில்லை. நாம் வேண்டுவது, இரண்டு ஆசனங்களுக்கும் ஒரே வகையான கேள்வி: இவ்வேலையை இவர் செய்ய வல்லவரா?

செய்ய வேண்டியவை

சர்க்கார் முதலில் செய்ய வேண்டியது, தகுதியில்லை என்று கூறும் ஒவ்வொரு வைத்தியத் தீர்ப்புக்கும் காரணத்தை எளிய மொழியில் எழுதித் தருவதாகும். மறுபரிசோதனை கோரும் வழி இருக்கிறது. ஆனால், காரணம் தெரியாதவன் எதை மறுத்துக் கேட்பான்? கை கால்களின் மாறாத குறைகளுக்கு, மாதிரி அறையிலும் விமானத்திலும் செய்து காட்டும் பரீக்ஷையை முறைப்படி வைக்க வேண்டும். விமானக் கம்பெனிகள், சான்றில் எழுதிய வரம்புக்கு மேல் தாமாக ஒரு தடையைச் சேர்ப்பதானால் அதன் காரணத்தை எழுத்து மூலம் தர வேண்டும். இடையில் உடல் பழுதுபட்டு உரிமம் இழக்கும் விமானிக்கு ஈட்டுறுதியும் மாற்று வேலையும் இருந்தால், உண்மை சொல்லத் தயங்குபவர் தொகை தானே குறையும்.

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்த் தொழிலதிபர்களும் இதிலிருந்து விலகியவர் அல்லர். விரலிழந்தவன் விண்ணப்பித்தால், கையைப் பார்த்துத் தலையசைப்பதை விட்டு, இயந்திரத்தின் அருகே நிறுத்தி வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு பகல் பொழுது போதும். தொழிற்சங்கத்தார், நஷ்டஈடு வாங்கிக் கொடுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணாமல், அத்தொழிலாளி அடுத்த வேலைக்கு எழுதும் விண்ணப்பத்திலும் துணை நிற்க வேண்டும்.

வாலிபர்களுக்கும், அவர்களுடைய தந்தையர்க்கும் ஒரு வார்த்தை. விமானப் பயிற்சிக்குப் பல இலட்சங்கள் செலவாகும். நிலத்தை விற்றோ கடன் பட்டோ பணம் கட்டுவதற்கு முன்பே, முதல் வகுப்பு வைத்தியப் பரீக்ஷையை முடித்துக் கொள்ளுங்கள். நெடுங்காலமாக இப்பரீக்ஷையை நடத்தி வந்த விமானப்படை நிலையங்களுள் பெங்களூரில் உள்ளதே நமக்கு அணித்தானது. அங்கே ஒன்றையும் ஒளிக்காதீர்கள். பழைய ஆபரேஷன் காகிதங்களையும், எலும்பு வைத்தியரின் குறிப்பையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பணம் கட்டுமுன் வரும் மறுப்பு ஒரு வருத்தம். பணம் கட்டியபின் வெளிப்படும் மறைப்பு ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி.

தேசம் என்பது முழு உடல் படைத்தவர்களின் கூட்டமன்று. இயந்திரத்துக்கு விரலைக் கொடுத்தவனும், பிறவியிலேயே ஒரு காலின் பலத்தை இழந்தவனும் இந்நாட்டின் பிரஜைகளே. பொய் சொன்னவன் உள்ளே நுழைவதும், மெய் சொன்னவன் வாசலில் நிற்பதுமான முறை நீடிக்குமானால், நாமே நம் மக்களுக்குப் பொய்யைக் கற்பித்தவர்களாவோம். உண்மை சொல்வது விண்ணப்பதாரனின் கடமை. அந்த உண்மைக்கு ஒரு நியாயமான பரீக்ஷையைப் பதிலாகத் தருவது சர்க்காரின் கடமை, கம்பெனிகளின் கடமை, நம் அனைவரின் கடமை. இதை வற்புறுத்தும் பொறுப்பைச் சட்டசபை உறுப்பினரும், தொழிற்சங்கத் தலைவரும், பொதுஜன ஊழியரும் இன்றே ஏற்பார்களாக.